மேற்படியாரின் மனைவி

"மேடத்துக்கு எப்படிப் போடட்டும்? இன்னார் மகள்னா, இன்னார் மனைவின்னா?"

கேட்டுவிட்டுப் பத்திர எழுத்தர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எங்கள் இருவரையும் பார்த்தார். நாங்கள் இருவரும் மின்விசிறியைப் பார்த்தோம். 2019 ஜனவரி, பொங்கல் கழிந்த வாரம். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடந்தது அவருடைய அறை. பரஸ்பர சம்மத விவாகரத்துக்கு நாங்கள் மனு போட்டு ஆறு மாதம் முடியப்போகிற நேரம். இன்னொரு முறை நீதிபதி முன்னால் போய் நின்று, மனம் மாறவில்லை என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அதுவரை சட்டப்படி நான் மனைவி.

"மனைவின்னே போடுங்க. பழைய கிரயப் பத்திரத்துல அப்படித்தான் இருக்கு. அப்பத்தான் லிங்க் சரியா வரும்" என்றார் அவர். அவர் என்று நான் சொல்வது என் கணவரை. பன்னிரண்டு வருஷம் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது எழுதும்போதும் வரவில்லை.

பத்திர எழுத்தர் தட்டச்சு செய்தார். எழுதிக் கொடுப்பவர் 1 என்று அவர் பெயர், தகப்பனார் பெயர், வயது, முகவரி, ஆதார் எண். எழுதிக் கொடுப்பவர் 2 என்று என் பெயர், பக்கத்தில் 'மேற்படியாரின் மனைவி'.

நான் மெய்ப்புப் பார்ப்பவள். திருவல்லிக்கேணியில் ஒரு பதிப்பகத்தில் இருபது வருஷமாக இதே வேலை. காகிதம் எதைக் கையில் கொடுத்தாலும் முதலில் பிழைதான் கண்ணில் படும். அந்த வரைவிலும் நாலைந்து ஒற்றுப்பிழைகளைச் சுழித்தேன். 'கிரையம்' என்றிருந்ததைக் 'கிரயம்' ஆக்கினேன். 'மேற்படியாரின் மனைவி'யில் பேனா ஒரு நொடி நின்றது. அதில் பிழை ஒன்றும் இல்லை.

*

2009இல் அந்த வீட்டை வாங்கியபோது என் பெயர் பத்திரத்தில் ஏறியதற்குக் காரணம் அன்பு என்று சில வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் வங்கி. மடிப்பாக்கத்தில் 850 சதுர அடி, இரண்டு படுக்கையறை, முதல் மாடி, விலை 27 லட்சம். பறக்கும் ரயில் வேளச்சேரி வரை வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. "ஸ்டேஷன் பக்கம் சார், இதுக்கப்புறம் இந்த விலைக்குக் கிடைக்காது" என்பதுதான் எல்லாத் தரகர்களுக்கும் பல்லவி. 21 லட்சம் கடன் வேண்டும். அவர் சம்பளத்துக்கு மட்டும் அவ்வளவு தேறவில்லை. "ஒய்ஃப் வேலைக்குப் போறாங்கன்னா அவங்களையும் கோ-அப்ளிகன்ட்டா சேருங்க. ஆனா பத்திரமும் ரெண்டு பேர்லயும் இருக்கணும்" என்றார் வங்கி அதிகாரி. இவர் வீட்டில் ஒரு வாரம் முணுமுணுப்பு. என் அம்மா மட்டும், "பேங்க்காரன் நல்லா இருக்கட்டும்" என்றாள். அவள் என்ன நினைத்து அப்படிச் சொன்னாள் என்று அன்றைக்கு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கைக்காசு 6 லட்சம் வேண்டியிருந்தது. இரண்டரை லட்சம் அவருடைய சேமிப்பு. ஒன்றரை லட்சம் மாமனாரின் ஓய்வூதியப் பணம். மிச்சம் 2 லட்சத்துக்கு என் நகை. 18 பவுன். பவுன் 11,000 ரூபாயைச் சுற்றி இருந்த காலம். தியாகராய நகர் கடையில் தராசில் வைத்தபோது ஆரத்தின் கொக்கி மட்டும் கழன்று கீழே விழுந்தது. கடைப்பையன் அதையும் தேடி எடுத்துத் தட்டில் போட்டான். அவனுக்கு அது எடை.

2017 ஜூனில் நான் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏன் என்று இங்கே எழுதப்போவதில்லை. அடி, குடி, இன்னொருத்தி என்று மூன்றில் ஒன்றைத்தான் எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. ஒரே வீட்டுக்குள் பேச்சு நின்று போவதற்கு வேறு வழிகளும் உண்டு.

விவாகரத்தைப் பற்றி நாங்கள் இருவரும் ஒரு தேநீர் நேரத்தில் பேசி முடித்தோம். வீட்டைப் பற்றிப் பேசி முடிக்கப் பதினெட்டு மாதம் ஆயிற்று.

*

முதலில் அவர் சொன்ன யோசனை, என் பாகத்தை அவருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு அதற்கான பணத்தை நான் வாங்கிக்கொள்வது. விடுதலைப் பத்திரம் என்று பெயர். எங்கள் வழக்கறிஞர் ஒரு பெண்மணி. இருவருக்கும் பொதுவாக அவரையே வைத்துக்கொண்டோம், செலவு மிச்சம். அவர் கணக்குச் சொன்னார். குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம் என்றால் முத்திரைத் தீர்வை ஒரு சதவீதம், அதுவும் 25,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணம் 4,000 ரூபாயோடு நின்றுவிடும். "ஆனா தீர்ப்பு வர்றதுக்குள்ள பண்ணணும். தீர்ப்பு வந்துட்டா நீங்க ரெண்டு பேரும் குடும்பம் இல்ல. அன்னியர் கணக்குல ஏழு சதவீதம் தீட்டிருவாங்க."

புருஷன் பெண்டாட்டியாக இருப்பதற்கு இப்படி ஒரு தள்ளுபடி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

தள்ளுபடி இருந்தும் அது நடக்கவில்லை. கடனிலிருந்து என் பெயரை எடுக்க வங்கி ஒப்பவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவர் சம்பளம் எதற்குப் போதவில்லையோ அதற்கு இப்போதும் போதவில்லை. எனக்குக் கொடுக்கப் புதிதாக ஒரு கடனும் அவருக்கு வேண்டும். ஆக, பத்திரத்தில் என் பெயரை ஏற்றியதும் வங்கி, வீட்டை விற்க வைத்ததும் வங்கி. வேறு வழி உண்டா என்று கேட்டேன். இருவரில் ஒருவர் பாகப்பிரிவினை வழக்குப் போடலாம், 850 சதுர அடியைக் குறுக்கே சுவர் வைத்துப் பிரிக்க முடியாது என்பதால் 1893ஆம் வருஷத்துப் பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றமே விற்றுப் பணத்தைப் பங்கு போடச் சொல்லலாம், ஆனால் அதற்குள் எனக்கு நரைத்துவிடும் என்றார் வழக்கறிஞர். எனக்கு ஏற்கெனவே நரைத்திருந்தது.

விற்பது என்று முடிவான பிறகு, எப்படிப் பிரிப்பது என்ற கேள்வி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சரவணபவன் ஒன்றில் சந்தித்தோம். அவர் எக்செல் தாள் ஒன்றை அச்செடுத்து வந்திருந்தார். மாதத் தவணை 19,575 ரூபாய், 108 மாதம், மொத்தம் 21 லட்சத்துக்கு மேல். எல்லாம் அவர் சம்பளக் கணக்கிலிருந்து போனது. தாளின் கடைசியில் தடித்த எழுத்தில் அவர் பங்கு 78 சதவீதம், என் பங்கு 22 சதவீதம் என்று இருந்தது.

தாளை வாங்கிப் பார்த்தேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. 21 லட்சம் கட்டியும் அசலில் கழிந்தது 5 லட்சம்தான், 16 லட்சம் பாக்கி. மிச்சமெல்லாம் வட்டி. அதைப் பார்த்தபோது அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது. இரண்டு பேருடைய இளமையும் எங்கே போயிற்று என்பதற்கு அந்த ஒரு கட்டம் போதும்.

"இதுல லாரித் தண்ணி எங்க?" என்று கேட்டேன்.

அவருக்குப் புரியவில்லை. மடிப்பாக்கத்தில் கோடையில் போர்வெல் காற்றை ஊதும். லாரித் தண்ணீருக்கு ஆறு வீடும் பங்கு. எங்கள் பங்கு என் பணப்பையிலிருந்து. பால், மளிகை, காஸ், மாதாமாதம் மெயின்டனன்ஸ், அவர் அம்மாவின் சர்க்கரை மாத்திரை, இரண்டு பக்கத்துக் கல்யாண மொய். என் சம்பளம் அப்படித்தான் போயிற்று. அவர் தவணை கட்டினார், நான் தின்னக் கொடுத்தேன். தவணைக்கு வங்கி ரசீது இருந்தது. தோசைக்கு யார் ரசீது கொடுப்பார்கள்?

சண்டை போடவில்லை. எதிரில் இருந்த தட்டில் ஒரே ஒரு வடை மிச்சம் இருந்தது. அதை இருவருமே எடுக்கவில்லை, அதுதான் நினைவிருக்கிறது.

கடைசியில் அதை முடித்து வைத்தது வழக்கறிஞர்தான். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில் 45ஆம் பிரிவு என்று ஒன்று உண்டாம். இரண்டு பேர் சேர்ந்து சொத்து வாங்கினால், யார் பணம் எவ்வளவு என்று நிரூபணம் இருந்தால் அந்த விகிதம், இல்லையென்றால் சரிபாதி என்று எடுத்துக்கொள்ள வேண்டும். "நிரூபிக்கிறேன்னு கெளம்பினீங்கன்னா அவங்களும் மளிகைச் சீட்டோட வருவாங்க சார். வேணாம்" என்றார். இவர் இரண்டு நாள் யோசித்துவிட்டு, ஆளுக்குப் பாதி என்று குறுஞ்செய்தி அனுப்பினார். மனுவிலும் அப்படியே எழுதினோம்.

பின்னாளில், 2023 ஜூனில், சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கணவன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, மனைவி இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்ட குடும்பம் அது. வீட்டு வேலையும் சொத்துக்கான பங்களிப்புதான், மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றது நீதிமன்றம். அதைப் பற்றிய கட்டுரை ஒன்று மெய்ப்புக்கு என் மேசைக்கு வந்தது. கோவாவைத் தவிர்த்தால் நம் நாட்டில் மணவாழ்க்கையில் சேர்ந்த சொத்து இருவருக்கும் பொது என்று சொல்லும் சட்டம் கிடையாது, பத்திரத்தில் யார் பெயரோ அவருக்குத்தான் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். பத்திரத்தில் என் பெயர் இல்லாமல் போயிருந்தால் சரவணபவன் மேசையில் அந்த 22 சதவீதம்கூட ஒரு தயவாகத்தான் வந்திருக்கும் என்று தோன்றியது. 'பங்களிப்பு' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போய் 'பங்ளிப்பு' என்றிருந்தது. திருத்திக் கொடுத்தேன்.

*

வீடு பார்க்க வருகிறவர்கள் மடிப்பாக்கத்தில் 2015 வெள்ளத்துக்குப் பிறகு சமையலறையைப் பார்ப்பதில்லை. காம்பவுண்டுச் சுவரைத்தான் பார்ப்பார்கள்.

தரகர் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். "வெள்ளம் வந்துச்சான்னு கேப்பாங்க. ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல எப்படி சார் வரும்னு சிரிச்சுட்டு விட்டுருங்க." ஏற்கெனவே காலம் சரியில்லை. பணமதிப்பு நீக்கத்தில் படுத்த சந்தை எழுந்திருக்கவே இல்லை. 2017இல் அரசு வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை ஒன்றிலிருந்து 4 சதவீதமாக உயர்த்திவிட்டது. முத்திரைத் தீர்வை ஏழும் சேர்த்தால் வாங்குகிறவர் தலையில் 11 சதவீதம். வருகிறவர்கள் எல்லாம் அந்தப் பதினொன்றை எங்கள் விலையில் கழிக்கப் பார்த்தார்கள்.

கடைசியில் வாங்கியவர்கள் மூன்றாவதாக வந்தவர்கள், துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கும் ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண் கர்ப்பமாக இருந்தாள். வெள்ளம் வந்ததா என்று அவள்தான் கேட்டாள். தரகர் சிரிக்கத் தொடங்குவதற்குள் இவர் அவர்களைக் கீழே அழைத்துப்போய்விட்டார். காம்பவுண்டுச் சுவரில் வெள்ளையடித்த பிறகும் லேசாகத் தெரியும் ஒரு கோட்டைத் தொட்டுக் காட்டினார். இடுப்பளவு. "டிசம்பர் 1 ராத்திரி. ஏரித் தண்ணி. கீழ் வீட்டுக்காரங்க ரெண்டு குடும்பமும் மூணு நாள் மேல எங்க வீட்லதான் இருந்தாங்க. கரன்ட் வர ஆறு நாள் ஆச்சு. மேல தண்ணி வரல, ஆனா வண்டி ரெண்டும் போச்சு."

தரகர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அந்த மூன்று நாளில் பதினோரு பேருக்கு ஒரே அடுப்பில் கஞ்சி வைத்தது, தீக்குச்சி நமத்துப்போனது, கீழ்வீட்டுப் பெரியவரை இவர் உப்புமூட்டை தூக்கிக்கொண்டு படியேறியது எல்லாம் எனக்குத் தெரியும். எங்கள் கல்யாணத்தில் நல்ல நாட்கள் எவை என்று யாராவது கேட்டால் ஊரே மூழ்கிக் கிடந்த அந்த மூன்று நாளைத்தான் சொல்வேன். கேட்பவர்களுக்கு விநோதமாக இருக்கும்.

அந்தக் கோட்டின் விலை 2 லட்சம். 55 கேட்டது 53இல் முடிந்தது. அதில் ஒரு லட்சம் என்னுடையது, என்னைக் கேட்காமலே கொடுத்துவிட்டார் என்று ஆட்டோவில் வரும்போது கோபம் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அடங்கியும் விட்டது.

*

அட்வான்ஸ் வாங்கி, கிரய ஒப்பந்தம் போட்டு, அவர்களுடைய வங்கி வழக்கறிஞர் எங்கள் பத்திரங்களைப் படித்தபோதுதான் அந்த எண் வெளியே வந்தது.

அடுக்குமாடியில் நாம் வாங்குவது சுவர்களை மட்டும் அல்ல, அடியில் இருக்கும் மனையில் பிரிபடாத ஒரு பாகத்தையும். யுடிஎஸ் என்பார்கள். எங்கள் மனை 2,526 சதுர அடி. ஆறு வீடு. ஆளுக்கு 421. மற்ற ஐந்து வீட்டுப் பத்திரங்களிலும் 421. எங்களுடையதில் மட்டும் 412.

ஒன்றும் இரண்டும் இடம் மாறிக் கிடந்தது. அச்சுக்கோர்ப்பில் தினமும் நடக்கும் பிழை. ஊரார் புத்தகத்தில் எல்லாம் அதைப் பிடிக்கிறவள், என் சொந்த வீட்டுப் பத்திரத்தை ஒன்பது வருஷம் பீரோவில் வைத்துப் பூட்டி, தீபாவளிக்குத் தீபாவளி மஞ்சள் குங்குமம் வைத்திருக்கிறேன், ஒரு நாளும் விரல் வைத்துப் படித்ததில்லை. அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ பாத்திருப்பேன்னு நெனச்சேன்" என்றார். குற்றம் சொல்லும் தொனி இல்லை. நிஜமாகவே அப்படி நினைத்துத்தான் ஒன்பது வருஷம் இருந்திருக்கிறார்.

9 சதுர அடி வித்தியாசம். மூன்றடிக்கு மூன்றடி. ஒரு சாமி மாடம் வைக்கலாம், ஒரு ஆள் சம்மணமிட்டு உட்காரலாம். சட்டப்படி அது இன்னும் எங்களுக்கு வரவே இல்லை, மனையின் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே தங்கிவிட்டது. பிழைத்திருத்தல் பத்திரம் போட வேண்டும். அதில், விற்றவர் தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும்.

விற்றவர் ஒரு பாட்டி. கணவர் வாங்கிப்போட்ட மனைக்கு பில்டர் பெயரில் பொது அதிகாரம் எழுதிக் கொடுத்திருந்தார், பில்டர்தான் எங்களுக்குப் பதிந்து கொடுத்தார். பில்டரைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. கட்டுவதை விட்டுவிட்டு ஹார்டுவேர் கடை வைத்திருந்தார். "கையெழுத்துத்தானே, வரேன். ஆனா பாட்டி உயிரோட இருந்தாத்தான் பவர் செல்லும். இருக்காங்களா தெரியலையே" என்றார். இருந்தாலும் போதாது. இருக்கிறார் என்று மருத்துவர் சான்று தர வேண்டும், அதுவும் பதிவுக்கு முந்தைய 30 நாளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்.

ஆக, 2018 டிசம்பரில் ஒரு காலை, விவாகரத்துக்கு மனு போட்டிருந்த நாங்கள் இருவரும், ஒரு கிழவி உயிரோடு இருக்கிறாளா என்று பார்க்கத் தாம்பரத்தில் செங்கல்பட்டு ரயில் ஏறினோம்.

கூட்டம் இல்லை. எதிரெதிரே உட்கார்ந்தோம். பரனூர் தாண்டிக் கொளவாய் ஏரி வந்ததும் அவர் ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்ந்து எனக்கு இடம் விட்டார். ஏரி பார்க்க எனக்குப் பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும். நான் எதிர் இருக்கையிலேயே இருந்துகொண்டேன். அங்கிருந்தும் தெரிந்தது.

பாட்டி உயிரோடு இருந்தார். எண்பத்து நான்கு வயது. மகள் வீட்டு வாசலில் மார்கழிக் கோலம், சாணிப் பிள்ளையார், பூசணிப்பூ. பூ வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். பில்டர் பெயரைச் சொன்னதும் நினைவு வந்துவிட்டது. "மொத மாடி. தெக்குப் பாத்த வீடு. நீங்கதானே பால் காய்ச்சினப்ப எனக்கு ரவிக்கைத் துணி வச்சுக் குடுத்தவங்க?" எனக்கு அது மறந்தே போயிருந்தது.

பக்கத்துத் தெரு டாக்டர் வந்து நாடி பார்த்து, ஆதார் பார்த்து, சான்று எழுதினார். பாட்டிக்குச் சிரிப்பு. "நான் இருக்கேன்னு இவர் சொன்னாத்தான் கவர்மென்ட்டு ஒத்துக்குமா?" 9 சதுர அடி சமாசாரத்தை மகள் அவர் காதருகில் குனிந்து சொன்னார். "அம்மா, இவ்ளோ நாளா உனக்கு மடிப்பாக்கத்துல ஒன்பது சதுர அடி எடம் இருந்திருக்கு."

"தெரிஞ்சிருந்தா வாடகை வாங்கியிருப்பேனே" என்றார் பாட்டி.

எதற்கு விற்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை. பெரிய வீடு பார்த்திருப்போம் என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். எத்தனை குழந்தை என்று கேட்டார். இல்லை என்றார் இவர். பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து உள்ளே போய் வெற்றிலை பாக்கு, பழம், ஒரு ரவிக்கைத் துணி எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். "ரெண்டு பேரும் சேந்து நில்லுங்கோ."

மகள் முகத்தில் ஒரு சின்னத் தயக்கம் ஓடியது. நாங்கள் நின்ற தூரத்தை அவர் கவனித்திருக்க வேண்டும். நான் இவரைப் பார்த்தேன். இவர் செருப்பைக் கழற்றினார். சேர்ந்து நின்றோம், சேர்ந்து விழுந்து கும்பிட்டோம். தீர்க்க சுமங்கலியாக இருக்கச் சொல்லி பாட்டி என் நெற்றியில் குங்குமம் வைத்தார். விரல் நடுங்கியதில் கொஞ்சம் மூக்கில் கொட்டியது.

திரும்பும்போது ரயிலில், "சொல்லியிருக்கலாமோ?" என்றார்.

"எதுக்கு? டாக்டர் சர்டிஃபிகேட் வாங்கியாச்சு, அதுக்கப்புறம் அவங்களுக்கு எதாவது ஆச்சுன்னா?" என்றேன். அவர் சிரித்துவிட்டார். நானும். எதிரில் இருந்தவர் எங்களைப் பார்த்தார். மூக்கில் இருந்த குங்குமத்தைத் தாம்பரத்தில் இறங்கியபோதுதான் துடைத்தேன்.

*

திருத்தல் பத்திரத்துக்கு மார்கழி தடையில்லை. 9 சதுர அடிக்கும் தீர்வை கட்டினோம், ஆளுக்குப் பாதி. கிரயத்துக்கு மட்டும் தை பிறக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். பாத்திரம் பண்டங்களைப் பிரித்ததில் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கிரைண்டர் எனக்கு, வாஷிங் மெஷின் அவருக்கு. கல்யாண ஆல்பத்தை இருவரும் மற்றவர் எடுத்துக்கொண்டதாக நினைத்து விட்டுவந்து, அது பரணில் கிடந்து, புதியவர்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, அவர்தான் போய் வாங்கினார்.

பதிவு நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் நிற்க இடமில்லை. ஆன்லைன் பதிவு வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. டோக்கன் எண் திரையில் வரும் என்றார்கள். திரை வேலை செய்யவில்லை, ஒரு பையன் வந்து எண்ணைக் கத்தினான். ராகு காலத்துக்குள் மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று வாங்குகிறவரின் மாமனார் கடிகாரத்தைப் பார்த்தபடியே நின்றார். கர்ப்பிணிப் பெண்ணுக்கு இவர் எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

நேரம் இருந்ததால் பத்திரத்தை மறுபடி படித்தேன். இந்த முறை விரல் வைத்து. 421. நான்கு எல்லைகள். 'நாங்கள் இருவரும் ஏகோபித்து, முழு மனதுடனும் சுயபுத்தியுடனும், பிறர் தூண்டுதல் இன்றி' என்று போயிற்று. நாங்கள் ஏகோபித்து என்ன செய்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். சோபா வாங்கியதில் ஏகோபிக்கவில்லை. சுவருக்கு வண்ணம் அடித்ததில் இல்லை. அவர் அம்மாவை எங்கே வைத்துக்கொள்வது என்பதில் இல்லவே இல்லை. அடுத்த பக்கத்தில், வாங்குகிறவர் 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்' அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த வரி எங்களுக்காகவும் எழுதப்பட்டிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண் வயிற்றில் கை வைத்தபடி கொட்டாவி விட்டாள்.

உள்ளே போனதும் படம் எடுத்தார்கள். சிறிய கேமரா, நிமிர்ந்து பார்க்கச் சொன்னார்கள். கட்டைவிரல் ரேகை எனக்கு விழவில்லை. வருஷக்கணக்கில் ஈரக்காகிதம் புரட்டிய விரல். மூன்று முறை வைத்தும் கருவி சிவப்பாகவே காட்டியது. "தலைல தேய்ச்சுட்டு வை" என்றார் இவர், தாழ்ந்த குரலில். எண்ணெய் பட்டால் ரேகை விழும் என்பது ரேஷன் கடையில் நாங்கள் கற்றது. தேய்த்து வைத்தேன். விழுந்தது.

சார்பதிவாளர் நிமிர்ந்து கேட்டார். "முழுப் பணமும் வந்துருச்சா? ரெண்டு பேரும் சம்மதிச்சுத்தானே எழுதிக் குடுக்கறீங்க?"

"ஆமா" என்றோம். ஒரே நேரத்தில் சொன்னோம்.

ஒரு மாதம் கழித்து உயர் நீதிமன்ற வளாகத்தில் குடும்பநல நீதிபதி ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டார். அங்கே அவர் முதலில் சொன்னார், நான் பிறகு சொன்னேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை.

*

கடன் 16 லட்சம் போக, தரகு போக, ஆளுக்கு 18 லட்சம் வந்தது. ஆடிட்டர் வருமானவரிக் கணக்குப் போட்டுக் காட்டினார். 2009இல் கொடுத்த 27 லட்சம், பணவீக்கக் குறியீட்டுப்படி 51 லட்சத்துக்குச் சமமாம். அப்படிப் பார்த்தால் ஒன்பது வருஷத்தில் எங்கள் இருவருக்கும் சேர்த்து லாபம் 2 லட்சத்துக்கும் குறைவு. "பெரிசா வரி வராது மேடம், சந்தோஷப்படுங்க" என்றார். அன்றைக்குப் பவுன் 24,000 ரூபாயை ஒட்டி இருந்தது. என் 18 பவுனை மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல் மிச்சம். 50 லட்சத்துக்கு மேற்பட்ட விலை என்பதால் வாங்குகிறவர் ஒரு சதவீதம், அதாவது 53,000 ரூபாய், பிடித்து வருமானவரிக்குக் கட்டியிருந்தார். விற்றவர்கள் இருவர் என்றால் இரண்டு படிவம், ஆளுக்குப் பாதியாகக் கட்ட வேண்டும். வாங்கியவர் தெரியாமல் மொத்தத்தையும் ஒரே படிவத்தில், ஒரே பான் எண்ணில் கட்டிவிட்டார். எழுதிக் கொடுப்பவர் 1இன் எண்ணில். என் கணக்கில் ஒரு பைசா காட்டவில்லை. எனக்கு அது தெரியவும் தெரியாது.

ஜூலை மாதம் ஒரு மத்தியானம், மேசையில் யாரோ ஒருவருடைய கவிதைத் தொகுப்பு விரிந்து கிடந்தபோது, அவர் எண்ணிலிருந்து செய்தி வந்தது. தீர்ப்பு வந்து ஐந்து மாதத்தில் முதல் செய்தி. 'டிடிஎஸ் முழுசும் என் பேர்ல ஏறியிருக்கு. உன் பாதி இப்ப அனுப்பிருக்கேன். நம்பர் சரியா பாத்துச் சொல்லு.'

வங்கிச் செய்தியைத் திறந்தேன். இரண்டு, ஆறு, ஐந்து, பூஜ்யம், பூஜ்யம். ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்தேன்.

'சரி' என்று அனுப்பிவிட்டு, விட்ட வரியிலிருந்து மெய்ப்பைத் தொடர்ந்தேன்.